உஷார்! ‘நிஜம் மாதிரி இருக்கட்டும்’ என்று ஒரு விதி வருகிறது

ஆட்டம் முடிந்து பகடைகளைப் பைக்குள் போடும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு கிளம்பும். “மச்சி, ஒன்னு விழுந்தா சும்மா ‘மிஸ்’னு சொல்லிட்டுப் போறது மொக்கையா இருக்குடா. கத்தி கைநழுவிக் கீழ விழணும். இல்லன்னா பக்கத்துல நிக்கறவன் மேல படணும். நிஜத்துல அப்படித்தானே?” எல்லோரும் சிரிப்பார்கள். டிஎம் தலையாட்டுவார். அடுத்த வாரம் அது சட்டம்.

உஷார்! ஒரு வருடம் ஓட வேண்டிய கதை பாதியில் நிற்பதற்கு டிராகன் காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் இப்படித் தலையாட்டி உள்ளே விட்ட ஒரு விதிதான் காரணமாக இருக்கும்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற மேசை ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறேன். நாலைந்து பேர் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுவார்கள். டிஎம் எனப்படும் டன்ஜன் மாஸ்டர் உலகத்தையும் அரக்கர்களையும் நடத்துவார். வாள் பட்டதா இல்லையா என்பதை 20 முகப் பகடை சொல்லும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரைப் பார்த்துவிட்டோ ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி ஆட்டத்தை ஆடிவிட்டோ இந்தப் பக்கம் வந்தவர்கள் நம்மில் பலர். புத்தகத்தை முழுக்கப் படிப்பதற்கு முன்பே சண்டை விதியைத் திருத்த ஆசை வந்துவிடுகிறது. அங்கேதான் ஆபத்து ஆரம்பம்.

மேசையில் நாமே போட்டுக்கொள்ளும் ‘ஹவுஸ் ரூல்’ கூடாது என்று சொல்ல வரவில்லை. கணக்குப் போடாத ஹவுஸ் ரூல் கூடாது. அதிலும் சண்டை விதி என்றால் இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும்.

‘ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ரூல்தானே?’

முதலில் இந்தச் சமாதானத்தை நம்பாதீர்கள். “கோப்ளினுக்கும் ஒன்னு விழுந்தா கத்தி விழும். அப்ப ஃபேர்தானே?” என்பார்கள். தெரு கிரிக்கெட்டில் ‘ஒன் பிட்ச் கேட்ச் அவுட்’ என்றால் அது நியாயம்தான். இரண்டு அணியும் அதே சந்தில், அதே பந்தில், ஆளுக்கொரு இன்னிங்ஸ் ஆடுகின்றன. இந்த மேசையில் அப்படி இல்லை. ஒரு கோப்ளின் அரக்கனின் ஆயுள் மூன்று சுற்று. சுற்றுக்கு 6 விநாடி என்பது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கு. ஆக மொத்தம் 18 விநாடி வாழ்ந்துவிட்டு அது செத்துப்போகும். அதற்கு எதிரே நிற்கும் வீராங்கனை அடுத்த சண்டையிலும் இருப்பாள், அடுத்த மாதச் சண்டையிலும் இருப்பாள்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ஆட்டத்தில் இரண்டு சண்டை, ஒவ்வொன்றிலும் அவள் மீது 6 தாக்குதல். 50 நாள் ஆட்டத்தில் 600 தாக்குதல். 20 முகப் பகடையில் இருபது விழ வாய்ப்பு 5 சதவீதம். இருபது விழுந்தால் அது ‘கிரிட்டிக்கல்’, கூடுதல் சேதம் தரும் அடி. அப்படி 30 அடி அவள் ஒருத்தி மேல் மட்டும். கிரிட்டிக்கல் பட்டால் பார்க்கும் உங்கள் புது ‘காயப் பட்டியலில்’ பத்தில் ஒரு வரி ‘கை போச்சு’ என்றால், கதை முடிவதற்குள் அவளுக்கு மூன்று கை போயிருக்க வேண்டும். இருப்பதே இரண்டு.

இந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: விதி இரு தரப்புக்கும் ஒன்றாக இருந்தால் போதாது, அதன் பகடை யார் மீது எத்தனை தடவை உருள்கிறது என்று எண்ண வேண்டும். அதிர்ஷ்டத்தின் வீச்சைக் கூட்டும் எந்த விதியும், அதிக நாள் உயிரோடு இருக்க வேண்டியவருக்கு எதிராகவே வேலை செய்யும். அந்த ஆள் எப்போதும் உங்கள் ஆட்டக்காரர்.

ஆபத்து 1: ஒன்று விழுந்தால் தண்டனை

‘ஃபம்பிள்’ எனப்படும் இந்த விதிதான் மேசைக்கு மேசை பரவும் முதல் தொற்று. பைசோ நிறுவனம் இதற்கென்று சீட்டுக்கட்டே அச்சிட்டு விற்றது. ஐந்தாம் பதிப்பின் மூல விதியில் தாக்குதலுக்கு ஒன்று விழுந்தால் அடி தவறும், அவ்வளவுதான். வாள் உடைவதும் நண்பனின் காது அறுவதும் நாமாகச் சேர்த்துக்கொண்டவை.

இனி எண்ணிப் பாருங்கள். முதல் லெவல் ஃபைட்டர் தன் முறையில் ஒரு தடவை வெட்டுவார். ஒன்று விழ வாய்ப்பு 5 சதவீதம். ஐந்தாம் லெவலில் இரண்டு வெட்டு. அதில் ஒரு வெட்டிலாவது ஒன்று விழ வாய்ப்பு 9.75 சதவீதம். 11ஆம் லெவலில் மூன்று வெட்டு. 14 சதவீதத்துக்கு மேல். 20ஆம் லெவலில் நாலு வெட்டு, 18.5 சதவீதம். ‘ஆக்‌ஷன் சர்ஜ்’ என்ற கூடுதல் வாய்ப்பைப் போட்டு அதே 6 விநாடியில் எட்டு தடவை வெட்டினால் 33 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

யோசித்துப் பாருங்கள். நேற்று வாள் பிடிக்கக் கற்ற பையன் இருபது சுற்றில் ஒரு தடவை தடுமாறுகிறான். உலகமே அஞ்சும் வாள் வீரர், உச்சத் திறமையைக் காட்டும் அந்த ஆறு விநாடியில், மூன்றில் ஒரு தடவை வாளைக் கீழே போடுகிறார். ‘நிஜம் மாதிரி’ வேண்டும் என்று கேட்டு வாங்கிய விதி இது!

மந்திரவாதிக்கு என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விசார்ட் ‘ஃபயர்பால்’ வீசும்போது பகடை உருட்டுவது அவர் அல்ல. நெருப்பில் மாட்டியவர்கள்தான் சேவிங் த்ரோ எனும் தப்பிக்கும் பகடையை உருட்ட வேண்டும். 8 ஆறுமுகப் பகடைச் சேதத்தைக் கொட்டிவிட்டு, தண்டனையின் பக்கமே போகாமல் தப்பிவிடுகிறார். ஏற்கெனவே உயர் லெவல்களில் மந்திரவாதிகள்தான் ஓங்கி நிற்பார்கள். அந்த ஏற்றத்தாழ்வின் மேல் இந்த விதி இன்னொரு சுமையை வைக்கிறது. ஃபைட்டர், மாங்க், இரண்டு கைக் கத்திக்காரர், இவர்கள் ரத்தத்தில்தான் மேசையின் சிரிப்பு நடக்கிறது.

சிரிப்பு வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஒன்று விழுந்தால் டிஎம் வேடிக்கையாக வர்ணிக்கட்டும்; சேதம், ஆயுத இழப்பு எதுவும் வேண்டாம். விளைவு இருந்தே தீர வேண்டும் என்று குழு அடம்பிடித்தால், ஒரு முறையின் முதல் வெட்டுக்கு மட்டும் அந்த விதி என்று கட்டிப்போடுங்கள். அப்போது பையனுக்கும் மாவீரருக்கும் அதே 5 சதவீதம்தான்.

ஆபத்து 2: இருபது விழுந்தால் இடி

இது இனிப்பு பூசிய விஷம். மூல விதிப்படி இருபது விழுந்தால் சேதப் பகடைகளை இரண்டு மடங்காக உருட்ட வேண்டும். சில நேரம் அந்தக் கூடுதல் பகடையில் ஒன்றும் இரண்டும் விழுந்து சப்பென்று ஆகிவிடும். அதனால், ‘ஒரு பங்குப் பகடைக்கு முழு மதிப்பு, மறு பங்கை உருட்டு’ என்று மாற்றிக்கொள்கிறார்கள். ஆட்டக்காரர்கள் கைதட்டி வரவேற்பார்கள். ஐந்து ஆறுமுகப் பகடை ‘ஸ்னீக் அட்டாக்’ வைத்திருக்கும் ரோகுக்கு, அந்தப் பகுதியின் கிரிட்டிக்கல் சராசரி 35இலிருந்து 47.5 ஆகிறது. யாருக்குத்தான் கசக்கும்?

இப்போது மேசையைத் திருப்பிப் பாருங்கள். 2014 ஸ்டார்ட்டர் செட்டின் ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’ சாகசத்தில் முதல் சண்டையே பதுங்கியிருக்கும் நாலு கோப்ளின்களோடுதான். எதிரே முதல் லெவல் விசார்ட், 8 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி. கோப்ளின் கத்தியின் சேதம் ஓர் ஆறுமுகப் பகடையும் கூட இரண்டும். மூல விதிப்படி கிரிட்டிக்கல் விழுந்தால் இரண்டு பகடையும் இரண்டும். அது விசார்டைச் சாய்க்க வாய்ப்பு 72 சதவீதம். புது விதிப்படி 6, அதன் மேல் ஒரு பகடை, அதன் மேல் 2. குறைந்தபட்சமே 9. வாய்ப்பு என்ற பேச்சே இல்லை, விழுந்தே தீருவார். நாலு கோப்ளினும் ஒரு சுற்றில் ஆளுக்கொரு தடவை தாக்கினால், எங்காவது ஓர் இருபது விழ வாய்ப்பு 18.5 சதவீதம். கதையின் முதல் சண்டை, முதல் சுற்று!

லெவல் ஏறினால் சரியாகிவிடும் என்பதும் கனவு. ஐந்தாம் லெவலில் அதே விசார்டுக்கு சுமார் 32 ஹிட் பாயிண்ட் இருக்கும். ஹில் ஜயன்ட் தன் தடியால் கொடுப்பது மூன்று எண்முகப் பகடையும் ஐந்தும். புது விதியில் அதன் கிரிட்டிக்கல் குறைந்தபட்சம் 24, 3, 5. கூட்டினால் 32. மறுபடியும் தப்ப வழி இல்லை.

பரிகாரம் சுலபம். முழு மதிப்பு கிரிட்டிக்கல் ஆட்டக்காரர்களுக்கு மட்டும். அரக்கர்களுக்கு மூல விதி. “பாரபட்சம்!” என்று யாராவது கத்தினால், 600 தாக்குதல் கணக்கைக் காட்டுங்கள். விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சோதனை விதிகளில், கிரிட்டிக்கல் ஆட்டக்காரர் தரப்புக்கு மட்டும் என்று போட்டுப் பார்த்தது. எதிர்ப்பு வந்தது, அடுத்த சோதனையில் திரும்பப் பெற்றது. அதிலிருந்து நமக்கு ஒரு பாடம்: இந்த ஆட்டத்தை அச்சிடுபவர்களே சண்டை விதியை ‘சோதனை’ என்று நெற்றியில் எழுதி ஒட்டித்தான் வெளியே விடுகிறார்கள்.

ஆபத்து 3: சுற்றி வளைத்தால் சலுகை

இது புத்தகத்திலேயே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். 2014 ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ நூலில் ‘ஃபிளாங்கிங்’ ஒரு விருப்ப விதி. எதிரியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பேர் நின்றால் இருவருக்கும் ‘அட்வான்டேஜ்’. அதாவது இரண்டு பகடை உருட்டி, பெரியதை வைத்துக்கொள்ளலாம். கேட்க அழகாக இருக்கும். தந்திரமாக நிற்பவருக்குப் பரிசுதானே?

பரிசின் அளவைப் பாருங்கள். பாதிக்குப் பாதி படும் அடி, அட்வான்டேஜ் வந்தால் 75 சதவீதம் படும். இருபது விழும் வாய்ப்பும் 5இலிருந்து 9.75 ஆகிவிடும். ஐந்தாம் லெவல் ஃபைட்டர் ஒருவர், தாக்குதலுக்கு +7, கையில் கிரேட்சோர்டு, 2014 விதியின் ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ திறமை. குறியில் 5 குறைத்துக்கொண்டு சேதத்தில் 10 கூட்டலாம் என்பது அந்தத் திறமை. ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் எட்ட வேண்டிய எண்) 15 உள்ள எதிரிமேல் இப்படி வெட்டினால், கிரிட்டிக்கலைச் சேர்க்காமல், ஒரு வெட்டுக்குச் சராசரி 8.4 சேதம். சுற்றி வளைத்து நின்றால் அதே வெட்டு 13.4. ஓரடி தள்ளி நின்றதற்கு 60 சதவீதம் கூடுதல்!

இதைவிட மோசமான சேதம் கண்ணுக்குத் தெரியாதது. அட்வான்டேஜ் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காது. ஒரு தடவை கிடைத்தால் கிடைத்ததுதான். பார்பேரியன் தன்மேல் வரும் அடிகளுக்கு எதிரிக்கும் அட்வான்டேஜ் கொடுத்து, உயிரைப் பணயம் வைத்து ‘ரெக்லஸ் அட்டாக்’ மூலம் வாங்கும் அதே சலுகை, இப்போது எல்லோருக்கும் இலவசம். அதே அட்வான்டேஜுக்காக ட்ரூயிட் ஒரு மந்திரத்தைச் செலவழித்து ‘ஃபேரி ஃபயர்’ போடுவதற்கு அர்த்தமில்லை. ஓநாய்க் கூட்டத்துக்கு அதே சலுகையைத் தரும் ‘பேக் டாக்டிக்ஸ்’ வெறும் அலங்காரம். அந்தப் பார்பேரியனை ஆசையாக உருவாக்கிய தோழிக்கு, தன் கதாபாத்திரம் ஏன் திடீரென்று மங்கிப்போனது என்றே புரியாது. குறை சொல்லவும் மாட்டாள். “அடுத்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கு” என்பாள்.

எண்ணிக்கையையும் மறக்காதீர்கள். எட்டு கோப்ளின், நாலு வீரர்கள். யார் யாரைச் சுற்றி வளைப்பார்கள்? கூட்டம் அதிகமாக உள்ள தரப்புக்கு இந்த விதி போனஸ். அது பெரும்பாலும் அரக்கர் தரப்பு.

இந்த ஆசை இருந்தால் பழைய வழி நல்லது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஃபிளாங்கிங்குக்குக் கிடைத்தது +2 மட்டும். அந்த +2 யாருடைய திறமையையும் விழுங்காது. நின்ற இடத்துக்குப் பலனும் உண்டு.

இன்னும் நாலு பொறிகள்

*விழுந்து எழுந்தால் சோர்வு.* பூஜ்ஜியத்துக்குப் போய் ஒரு சின்ன மந்திரத்தில் எழுந்து, மறுபடி விழுந்து, மறுபடி எழுவது கேலிக்கூத்தாக இருக்கிறது என்று, விழும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு படி ‘எக்ஸாஸ்ஷன்’ வைக்கிறார்கள். 2014 விதியில் மூன்றாம் படியில் தாக்குதலும் சேவிங் த்ரோவும் பலவீனமாகிவிடும், ஆறாம் படியில் மரணம். திருத்திய 2024 விதியில் படிக்கு 2 வீதம் எல்லா 20 முகப் பகடைச் சோதனையிலும் குறையும். நீண்ட ஓய்வு ஒன்றுக்கு ஒரு படிதான் இறங்கும். யார் அதிகம் விழுவார்? முன்னால் நின்று எல்லோருக்காகவும் அடி வாங்குபவர். பலவீனமானவர் இன்னும் சீக்கிரம் விழுவார், இன்னும் பலவீனமாவார். வேண்டுமானால், ஒரே சண்டையில் இரண்டாம் தடவை விழுந்தால் மட்டும் ஒரு படி என்று வையுங்கள்.

*நீண்ட ஓய்வு, நிஜமான ஓய்வு.* சிறு ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள் என்பது 2014 டிஎம் நூலின் இன்னொரு விருப்ப விதி. மெதுவாக நகரும் அரசியல் கதைக்கு நல்லது. அறைக்கு அறை சண்டை உள்ள பாதாளக் குகைக்குள் இதைக் கொண்டுபோனால் கொலை. ‘மேஜ் ஆர்மர்’ மந்திரம் நீடிப்பதே 8 மணி நேரம். ஒரு குட்டி ஓய்வு முடியும்போது கவசம் போய்விடும். மந்திரங்களின் நேர அளவுகளையும் சேர்த்து மாற்றாமல் இதைத் தொடாதீர்கள்.

*கவசம் சேதத்தைக் குறைக்கட்டும்.* “இரும்புக் கவசம் அடியைத் தடுக்காது, தாங்கும்” என்று வாதிட்டு, ஒவ்வோர் அடியிலும் 3 கழிப்பார்கள். சராசரி 10 கொடுக்கும் கிரேட்சோர்டு 7 ஆகும். 30 சதவீத இழப்பு. சராசரி 5.5 கொடுக்கும் குத்துவாள் 2.5 ஆகும், பாதிக்கு மேல் போச்சு. ஓங்கி ஒரு தடவை அடிப்பவர் தப்புவார், சின்னச் சின்னதாகப் பல தடவை குத்துபவர் செத்தார். ஒரே வாரத்தில் மேசையில் எல்லோர் கையிலும் கிரேட்சோர்டு இருக்கும்.

*ஒரு தரப்பு முழுக்க முதலில்.* ஆளுக்கொரு வரிசை எண் எடுப்பது நேரத்தைத் தின்கிறது என்று, தரப்புக்கு ஒரு பகடை போட்டு வென்ற பக்கம் முழுவதும் முதலில் ஆடும். வேகம் கூடும், உண்மைதான். முதலில் ஆடும் எட்டு பேரும் ஒருவரையே குறிவைத்தால், அவர் பகடையைத் தொடும் முன்பே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் சுற்றில் மட்டுமாவது தனித்தனி வரிசையை விடாதீர்கள்.

கணினியிலிருந்து வரும் தொற்று

2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ இந்த ஆட்டத்துக்குப் புது ரத்தம் பாய்ச்சியது. கூடவே, அதன் விதிகளே மேசை விதிகள் என்ற மயக்கத்தையும் கொண்டுவந்தது. அங்கே திறமைச் சோதனையில் இருபது விழுந்தால் கட்டாய வெற்றி, ஒன்று விழுந்தால் கட்டாயத் தோல்வி. மேசை விதியில் அந்தக் கட்டாயம் தாக்குதலுக்குத்தான். அங்கே ஆளைத் தள்ளிவிடுவது, தாக்குதலோடு சேர்த்தே செய்யக்கூடிய ‘போனஸ் ஆக்‌ஷன்’. மேசையில் அது ஒரு தாக்குதலுக்கு ஈடான காரியம். மலை உச்சியில் நடக்கும் சண்டையில் இந்த ஒரு மாற்றத்துக்கு என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமான வித்தியாசம் வேறு. கணினியில் நாலு பேரும் செத்தால் எஃப்8 பொத்தானை அழுத்தி, சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். அந்த விதிகள் அந்தப் பொத்தானை நம்பி எழுதப்பட்டவை. உங்கள் மேசையில் எஃப்8 கிடையாது.

அப்படியென்றால் விதியே மாற்றக் கூடாதா?

மாற்றலாம். இந்த ஆட்டமே ஒரு ஹவுஸ் ரூலில் பிறந்ததுதான். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் எழுதிய ‘செயின்மெயில்’ என்ற பொம்மைப் படைப் போர் விதிகளை, டேவ் ஆர்னசன் தன் ‘பிளாக்மூர்’ ஆட்டத்துக்காக மாற்றினார். ஒரே அடியில் தங்கள் வீரன் சாவது அவருடைய ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. போர்க்கப்பல் ஆட்டங்களில் கப்பல் பல அடி தாங்குவதுபோல மனிதனும் தாங்கட்டும் என்று ஹிட் பாயிண்டைக் கொண்டுவந்தார். கைகாக்ஸும் ஆர்னசனும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதன்மேல்தான் நிற்கிறது. ஆக, ஹிட் பாயிண்ட் என்பதே ஓர் அடியில் சாவதைத் தடுக்க வந்த திருத்தம். கை வெட்டும் பட்டியலும் உடனடி மரண விதியும் சேர்ப்பவர்கள், அந்த முதல் திருத்தத்தையே அழிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு செய்யட்டும்.

நல்ல ஹவுஸ் ரூல் எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2014 விதியில் குணமாக்கும் பானம் குடிக்க ஒரு முழு ‘ஆக்‌ஷன்’ போகும். 50 தங்கக் காசு கொடுத்து வாங்கிய பானம் தருவதோ சராசரி 7 ஹிட் பாயிண்ட். முழு முறையையும் விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. பானம் பையிலேயே கிடக்கும். போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம் என்று எத்தனையோ மேசைகள் மாற்றிக்கொண்டன. 2024 பதிப்பில் அதுவே அச்சில் வந்துவிட்டது. ஏன் நிலைத்தது? அது எல்லா வகைக் கதாபாத்திரத்துக்கும் பயன்பட்டது. யாருடைய தனித்திறமையையும் தின்னவில்லை. செத்துப்போகும் அபாயத்தைக் கூட்டாமல் குறைத்தது.

துண்டாகும் கை கால்கள்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே பிறந்த ஆட்டங்கள் இருக்கின்றன. 1978இல் வந்த ‘ரூன்க்வெஸ்ட்’ உடலின் எந்தப் பாகத்தில் அடி பட்டது என்று பார்க்கும். 1980இன் ‘ஆர்ம்ஸ் லா’ பக்கம் பக்கமாகக் காயப் பட்டியல் தரும். அங்கே மற்ற விதிகள் எல்லாம் அந்த அபாயத்துக்கு ஏற்ப எழுதப்பட்டவை. அதிலிருந்து ஒரே ஒரு பட்டியலைப் பிய்த்து இங்கே ஒட்டுவதுதான் தப்பு.

விதி மேசைக்கு வரும் முன் இவற்றைச் செய்யுங்கள்

1. குறை என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘சண்டை சலிப்பாக இருக்கிறது’ என்றால் அதற்கு விதி தேவையில்லை. எரியும் பாலம், தப்பி ஓடும் எதிரி, காப்பாற்ற வேண்டிய குழந்தை போதும்.

2. பகடையை எண்ணுங்கள். ஒரு சண்டையில் ஒவ்வொருவரும் எத்தனை உருட்டுகிறார், அவர்மேல் எத்தனை உருள்கிறது என்று ஒரு நாள் குறித்துப் பாருங்கள். புது விதி யார் தலையில் அதிகம் விழும் என்பது அந்தத் தாளிலேயே தெரியும்.

3. எல்லோருடைய கதாபாத்திரத் தாளையும் விரியுங்கள். இந்த விதி இலவசமாகத் தருவதை யாராவது லெவல் கொடுத்தோ மந்திரம் கொடுத்தோ வாங்கியிருக்கிறாரா? ஆம் என்றால் விதியை மடித்து வையுங்கள்.

4. டிஎம் தனியாக உட்கார்ந்து ஒரே சண்டையைப் பழைய விதியில் சில தடவை, புது விதியில் சில தடவை ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. ஒரு வருடக் கதையைக் காப்பாற்றும்.

5. ஒரு நேரத்தில் ஒரு விதி மட்டும். இரண்டு விதியைச் சேர்த்து நுழைத்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஃபிளாங்கிங்கும் முழு மதிப்பு கிரிட்டிக்கலும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று வளர்க்கும். தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத ஆபத்து அது.

6. ‘மூன்று ஆட்டம் வரை சோதனை’ என்று முன்பே சொல்லி, தாளில் எழுதி ஒட்டுங்கள். முடிந்ததும் எல்லோரையும் கேளுங்கள். அதிலும் அதிகம் பேசாதவரை முதலில் கேளுங்கள். எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

7. சண்டை நடுவில் விதி மாற்றாதீர்கள். விதி மாறியதால் ஒருவருடைய கதாபாத்திரம் கெட்டுப்போனால், தண்டனை இல்லாமல் அதைத் திருத்தி எழுத அனுமதியுங்கள்.

ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விதிக்குத் தலையாட்டும் முன், ‘இது என்மேல் எத்தனை தடவை உருளும்?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கும் டிஎம்மைவிட, கேட்காமல் நீங்கள் விலகிப்போவது குழுவுக்குப் பெரிய நஷ்டம்.

டிஎம்களே, அடுத்த தடவை ‘நிஜத்துல அப்படித்தானே’ என்று யாராவது ஆரம்பித்தால் உடனே தலையாட்டாதீர்கள். “ஒரு வாரம் டைம் குடு, கணக்குப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் செத்துப்போகிற விதி, சாக வேண்டிய விதிதான்.